வேறு மாடல் காரின் பேனல்களை மாட்டுவது: எங்கே அளப்பது, எங்கே வெட்டுவது

வேறு மாடலின் பானட், மட்கார்டு, பம்பர் உங்கள் ப்ராஜெக்ட் காரில் உட்காருமா என்பதை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன: கதவின் முன் விளிம்பு, வைப்பர் இருக்கும் கௌல் பகுதி, ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டம். மூன்றிலும் அளவு ஒத்துவந்தால் மீதியை வாஷரும் பிராக்கெட்டும் வைத்தே முடித்துவிடலாம். ஒன்றில் தவறினால் வெல்டிங் மெஷின் வேண்டியிருக்கும். இரண்டில் தவறினால் அந்தப் பேனலை மறந்துவிட்டு வேறு கார் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் காரின் முன்பக்கத்துக்கு. சேஸும் பாடியும் ஒன்றாக இருக்கும் மோனோகாக் கார்களில் இந்த வேலை அதிகம் நடப்பது அங்கேதான். பின் சக்கரத்துக்கு மேலே பாடியோடு சேர்ந்திருக்கும் குவார்ட்டர் பேனலுக்கும் ஃபைபர் பேனலுக்கும் தனியாகச் சில விஷயங்கள் கடைசியில் வருகின்றன.

எந்தக் காரிலிருந்து எடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது பிளாட்பாரம். நிசான் 180எஸ்எக்ஸும் எஸ்13 சில்வியாவும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. அதனால்தான் எழும்பி மடங்கும் லைட் கொண்ட 180எஸ்எக்ஸில் சில்வியாவின் நிலையான லைட், பானட், மட்கார்டு, பம்பர் எல்லாம் தகட்டை வெட்டாமலே ஏறுகின்றன. சிலெய்ட்டி என்று அந்தச் சேர்க்கைக்குத் தனிப் பெயரே உண்டு. வோக்ஸ்வாகன் கோல்ஃப் 4-இல் போராவின் முகத்தை மாட்டுவதும் இதே கதைதான்.

பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் இ46 செடானும் கூப்பேயும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் முன் மட்கார்டு, பானட், ஹெட்லைட் எதுவும் ஒன்றுக்கொன்று மாறாது. அதே செடானின் முன்பக்கம் டூரிங் என்கிற ஸ்டேஷன் வேகனில் அப்படியே பொருந்தும். ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே மாடலின் முகத்தை நிறுவனம் இடையில் மாற்றுவது, வந்த ஆண்டும் முக்கியம்: இ46 செடானுக்கு 2001-இலும் கூப்பேக்கு 2003-இலும் முகம் மாறியது. ஆகவே மாடல் பெயரோடு பாடி வகை, தயாரிப்பு ஆண்டு, ஃபேஸ்லிஃப்டுக்கு முன்னா பின்னா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்பகமான வழி, இரண்டு கார்களின் பாகப் பட்டியலை எடுத்து உள் பாகங்களின் எண்ணை ஒப்பிடுவது. பானட் கீல், உள் மட்கார்டு, கௌல் பேனல், முன் கதவு ஆகியவற்றின் எண்கள் இரண்டு காருக்கும் ஒன்றாக இருந்தால் வெளித் தகடுகளும் உட்காரும் வாய்ப்பு மிக அதிகம்.

டோனர் காரிலிருந்து, அதாவது பேனல் தரும் காரிலிருந்து, எடுக்கும்போது கண்ணில் படும் நான்கு பேனல்களை மட்டும் கழற்றி வருவதுதான் பலருடைய வேலையும் பாதியில் நிற்கக் காரணம். ஒரு பானட் கீலோ லைட் பிராக்கெட்டோ தனியாகக் கிடைப்பது, மட்கார்டே கிடைப்பதைவிடக் கடினம். கழற்றும்போதே இவற்றையும் எடுத்துவிடுங்கள்: இரண்டு பானட் கீல்கள், லாக், அதன் கொக்கி, கேபிள், ரப்பர் ஸ்டாப்பர்கள், ரேடியேட்டர் சப்போர்ட், ஹெட்லைட் பிராக்கெட்டுகள், பம்பர் உள்ளே இருக்கும் இரும்புப் பீம், அதன் முன்னால் உள்ள நுரை, பம்பரின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பிடிப்புகள், சக்கர உள் லைனர், எல்லா ரப்பர் பீடிங்குகளும். லைட்டின் பிளக்குகளை 20 செ.மீ. வயரோடு வெட்டி எடுக்க வேண்டும். வெல்டிங் செய்யப்பட்ட பாகமாக இருந்தால் தேவையான கோட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். மீதியைப் பிறகு நிதானமாகக் குறைத்துக்கொள்ளலாம், குறைத்ததைக் கூட்ட முடியாது.

வாங்கும் முன் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பேனல் முழுக்கத் தடவிப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, தடிமனாக இருக்கிறது. எங்குமே ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமாகவோ ஃபைபராகவோ இருக்கலாம். பல கார்களில் பானட் மட்டும் அலுமினியமாக இருக்கும். அதைச் சாதாரண இரும்பு மிக் வெல்டிங்கில் ஒட்ட முடியாது. இரும்பைத் தேய்த்த டிஸ்க்கையோ உப்புத்தாளையோ அதில் பயன்படுத்தக் கூடாது, பதிந்த இரும்புத் துகள் பிறகு பெயிண்டுக்கு அடியில் அரிக்கும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் நைலான் வாஷரோ சீலரோ இடையில் வேண்டும்.

அளவெடுக்கும் முறை

கார் தன் நான்கு சக்கரத்தில், சமதளத்தில் நிற்க வேண்டும். டூ போஸ்ட் லிஃப்டில் தூக்கினால் பாடி கொஞ்சம் வளையும், கதவு இடைவெளி மாறும். அந்த நிலையில் சரி செய்த பேனல் தரையில் இறங்கியதும் சரியாக இருக்காது. எஞ்சினைக் கழற்றியிருந்தால் முன் ஸ்பிரிங் எழும்பி நிற்கும். இது பேனலின் பொருத்தத்தை மாற்றாது, ஆனால் சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்த ஆர்ச்சுக்கும் உள்ள இடைவெளியைத் தவறாகக் காட்டும்.

புதுப் பேனலைத் தொடுவதற்கு முன், உங்கள் கார் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் அறையில் இடது கௌல் மூலையிலிருந்து வலது முன் மூலைக்கும், வலது கௌலிலிருந்து இடது முன் மூலைக்கும் தொழிற்சாலைத் துளைகளின் மையத்தை வைத்து அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் சரி. 6, 7 மி.மீ. வந்தால் கார் எப்போதோ இடிபட்டிருக்கிறது. அதை முதலில் இழுத்து நேராக்காமல் எந்த மாடலின் மட்கார்டும் உட்காராது. குறை பேனலில் இருக்கிறதென்று நினைத்து மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு இரண்டு கார்களிலும் ஒரே மாதிரி இந்த அளவுகளை எடுத்து எழுதுங்கள்:

1. கதவின் முன் விளிம்பிலிருந்து முன் சக்கர மையம் வரை.
2. கௌலில் இடது, வலது மட்கார்டு மேல் போல்ட்டுகளுக்கு இடைத்தூரம்.
3. பானட் கீல் போல்ட்டுகளின் இடைத்தூரம், கௌல் விளிம்பிலிருந்து அவற்றின் தூரம்.
4. கதவு விளிம்பில், தரையிலிருந்து பாடி லைன் ஒவ்வொன்றின் உயரம். பாடி லைன் என்பது பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடு.
5. ஸ்ட்ரட் டவரின் (முன் சஸ்பென்ஷனின் மேல் முனை மாட்டும் மேடு) உச்சியிலிருந்து பானட்டின் உட்பக்கம் வரை.
6. எஞ்சினின் இரு பக்கமும் முன்னே ஓடும் சேஸ் ரெயில்களின் இடைத்தூரம், பம்பர் பீம் போல்ட்டுகளின் அமைப்பு.

நான்காவது அளவுதான் அதிகம் ஏமாற்றுவது. மட்கார்டு எல்லா போல்ட்டிலும் ஏறிவிடும். ஆனால் மடிப்புக் கோடு கதவில் 8 மி.மீ. கீழே ஓடும், அல்லது கதவில் கூர்மையாகவும் மட்கார்டில் மழுங்கியும் இருக்கும். பெயிண்ட் அடித்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். கதவு விளிம்பின் வளைவை அட்டையில் வெட்டி எடுத்து, அந்த அட்டையை டோனர் காரின் மட்கார்டு விளிம்பில் வைத்துப் பார்த்தால் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு காலண்டர் அட்டையும் கத்திரிக்கோலும் போதும்.

வெட்டுவதற்கு முன்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக் உள்ள காரானால் அதன் சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே முன்பக்கத்தில் கைவையுங்கள். பல கார்களில் மோதல் சென்சார்கள் ரேடியேட்டர் சப்போர்ட்டிலேயே இருக்கும். அவற்றின் மேல் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் படம் எடுத்து வைத்து, சட்டத்தை மாற்றினாலும் அதே இடத்தில், அதே திசையில், அதே உறுதியோடு மாட்ட வேண்டும். தொங்கலாக ஒரு பிராக்கெட்டில் மாட்டினால் ஏர்பேக் நேரம் தவறி விரியலாம், விரியாமலும் போகலாம்.

பம்பர் பீமை எடுத்து எறிவது ஒருபோதும் கூடாது. புதுப் பம்பர் பழைய பீமில் இடிக்கிறதென்றால் டோனரின் பீமை உங்கள் ரெயிலில் போல்ட் போட்டு மாட்டத் தட்டு செய்யுங்கள், அல்லது பம்பரின் உட்பக்கப் பிளாஸ்டிக்கைக் குறையுங்கள். ரெயிலின் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதி மோதலில் நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதில் வெல்டிங் வைத்தால் அது நசுங்காமல் விசையை உள்ளே அனுப்பும். கதவுத் தூணான பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் சில் போன்ற இடங்களில் நவீன கார்களில் இருக்கும் உயர்வலு எஃகுக்கும் இதே விதி: சூடு காட்டினால் அதன் வலு போய்விடும்.

ரேடியேட்டர் சப்போர்ட் வெல்டிங் செய்யப்பட்டதாக இருந்து அதை மாற்றுவதானால், பழையதை அறுப்பதற்கு முன் இடங்களைப் பிடித்து வைக்கும் ஒரு ஜிக் செய்துகொள்வது அவசியம். 25 மி.மீ. சதுரக் குழாய்களை ஸ்ட்ரட் டவர் போல்ட்டுகளிலும் ரெயிலின் துளைகளிலும் பிடிக்குமாறு சேர்த்து, பானட் லாக்கும் லைட் பிராக்கெட்டும் வரும் இடங்களை அதில் குறித்து வையுங்கள். சட்டம் போன பிறகு அந்த இடங்களைக் காற்றில் கண்டுபிடிக்க முடியாது.

பொருத்தும் வரிசை

வரிசை எப்போதும் பின்னாலிருந்து முன்னுக்கு. நகராத பாகம் குவார்ட்டர் பேனல், அதற்குக் கதவு, கதவுக்கு மட்கார்டு, மட்கார்டுக்கு பானட், பானட்டுக்கும் மட்கார்டுக்கும் லைட், எல்லாவற்றுக்கும் கடைசியாக பம்பர். பானட்டை முதலில் நடுவில் நிறுத்தி, அதற்கு மட்கார்டைச் சேர்க்கப் போனால் பிழை முழுவதும் கதவு விளிம்பில் வந்து சேரும். அங்கே ஒளிக்க இடமில்லை. முன்பக்கம் தள்ளிக்கொண்டே போன பிழையை பம்பரின் பிளாஸ்டிக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்.

முதலில் கதவைப் பாருங்கள். பழைய காரில் கீலுக்குள் இருக்கும் பின் என்ற கம்பி தேய்ந்து கதவு தொங்கியிருந்தால் அதைச் சரி செய்துவிட்டுத்தான் அடுத்தது. கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆடினால் பின்னையும் புஷ்ஷையும் மாற்ற வேண்டும்.

மட்கார்டு மாட்டும் முன், அதன் பின் விளிம்பிலும் கதவின் முன் விளிம்பிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். கௌல் மேல் போல்ட், கதவுத் தூணின் மேல் போல்ட், கீழே சில்லில் உள்ள போல்ட் மூன்றையும் கை இறுக்கத்தில் மட்டும் போடுங்கள். 4 மி.மீ. தடிமன் உள்ள பிளாஸ்டிக் துண்டுகளைக் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் சொருகி, மட்கார்டைக் கதவோடு சேர்த்து அழுத்தி, தூண் போல்ட்டை இறுக்கவும். துண்டுகளை எடுத்துவிட்டுக் கதவை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். கதவின் முன் விளிம்பு திறக்கும்போது மட்கார்டுக்கு உள்ளே சுழன்று போகும். மூடிய நிலையில் 4 மி.மீ. இருக்கும் இடைவெளி பாதி திறப்பில் 1 மி.மீ. ஆகலாம். வேறு மாடலின் மட்கார்டில் விளிம்பின் உள்மடிப்பு அகலமாக இருந்தால் இடிக்கவே செய்யும். அந்த மடிப்பைத் தட்டித் தாழ்த்தலாம், முழுவதும் அறுத்து எடுத்தால் விளிம்பு அலையாகிவிடும்.

இடைவெளி 3 முதல் 5 மி.மீ.க்குள், மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். 5 மி.மீ. என்றாலும் சீராக இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும், 3-இல் தொடங்கி 5-இல் முடிந்தால் ஏற்காது. மேற்பரப்பு உயரத்தில் விதி இது: பின்னால் இருக்கும் பேனலின் முன் விளிம்பு, முன்னால் இருப்பதைவிட வெளியே துருத்தக் கூடாது. அரை மி.மீ. உள்ளே இருப்பது நல்லது. துருத்தினால் காற்று அதில் மோதி இரைச்சல் வரும், கல் பட்டு விளிம்பில் பெயிண்டும் உதிரும்.

வேறு மாடலின் போல்ட் துளை 3 மி.மீ. வரை தள்ளியிருந்தால் வட்ட அரத்தால் துளையை நீளவாக்கில் பெரிதாக்கி, 25 மி.மீ. அகல வாஷர் போட்டு இறுக்கலாம். பேனல் உள்ளே அமுங்கியிருந்தால் 1, 2 மி.மீ. தகட்டுத் துண்டுகளை போல்ட்டின் கீழ் வையுங்கள். ஒரே இடத்தில் 5 மி.மீ.க்கு மேல் துண்டு அடுக்க வேண்டியிருந்தால் அங்கே பிராக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதுமானது. அதற்கு மேல் போனால் தகட்டில் பிடித்திருக்கும் கூண்டு நட் சுற்றிக்கொள்ளும்.

பானட்டுக்கு வரும்போது முதலில் லாக்கின் கொக்கியைக் கழற்றி வையுங்கள். சரி செய்யாத பானட் லாக்கில் மாட்டிக்கொண்டால் திறக்க வழியில்லாமல் கிரில்லை உடைக்க வேண்டிவரும். பின்புற உயரத்தைக் கீலும் பாடியும் சேரும் இடத்திலும், முன்பின் மற்றும் பக்கவாட்டு நகர்வைக் கீலும் பானட்டும் சேரும் இடத்திலும், முன்புற உயரத்தை ரப்பர் ஸ்டாப்பர்களிலும் சரி செய்வது முறை. லாக் கடைசி. பானட்டைக் கீழே இழுத்து அமுக்கும் வேலையை லாக்கிடம் விட்டால் ஓடும்போது பானட் அதிரும். 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாம் நிலைக் கொக்கி, அதாவது லாக் விடுபட்டாலும் பானட் எழும்பாமல் பிடிக்கும் கொக்கி, உண்மையாகவே பிடிக்கிறதா என்று கையால் தூக்கிச் சோதித்த பிறகே காரை வெளியே எடுக்க வேண்டும். வேறு காரின் லாக்கையும் கொக்கியையும் கலந்து மாட்டும் வேலையில் அதிகம் தவறுவது இந்த இரண்டாம் கொக்கிதான். விளைவு வேகத்தில் பானட் எழும்பிக் கண்ணாடியில் விழுவது.

எஞ்சினுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கக் களிமண் உருண்டை போதும். ஏர் ஃபில்டர், ஸ்ட்ரட் பார், எஞ்சின் கவர் இவற்றின் உச்சியில் ஆளுக்கொரு உருண்டை வைத்து பானட்டை மூடித் திறந்து, நசுங்கியதன் தடிமனை அளந்தால் இடைவெளி தெரியும். எஞ்சின் தன் மவுன்டில் ஆடுவதால் 20 மி.மீ.க்குக் குறைந்தால் இடிக்கும்.

எல்லாம் சரியாக உட்கார்ந்ததும் இறுக்கிய நிலையிலேயே ஒவ்வொரு கீலிலும் மட்கார்டு விளிம்பிலும் இரண்டிரண்டு 3 மி.மீ. துளை, பேனலும் அடியில் உள்ள தகடும் சேர்ந்து துளைபடும்படி போடுங்கள். பெயிண்டுக்குக் கழற்றித் திரும்ப மாட்டும்போது அதே அளவு டிரில் பிட்டைச் சொருகினால் பேனல் பழைய இடத்திலேயே நிற்கும். பெயிண்ட் அடித்த பேனலை அசைத்து அசைத்துச் சரி செய்யும் தொல்லை இதனால் இல்லை.

பொருந்தாத மட்கார்டை இணைப்பது

10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் துளையும் வாஷரும் உதவாது. இங்கே பலர் மட்கார்டின் பின் விளிம்பில் தகடு ஒட்டி நீட்டுகிறார்கள், அல்லது மடிப்புக் கோட்டைப் பட்டியால் வரைகிறார்கள். இரண்டும் நிலைக்காது. விளிம்பில் ஒட்டிய துண்டு வெல்டிங் சூட்டில் அலையாகும். தடித்த பட்டி கதவு மூடும் அதிர்ச்சியில் விரிசல் விடும்.

நல்ல வழி, இரண்டு மட்கார்டுகளையும் பாதிப் பாதியாகச் சேர்ப்பது. உங்கள் காரின் பழைய மட்கார்டு கதவோடும் கௌலோடும் ஏற்கெனவே பொருந்தியது. டோனரின் மட்கார்டு லைட்டோடும் பம்பரோடும் பொருந்தியது. ஆகவே பின்பாதி பழையது, முன்பாதி புதியது. இணைப்பு வர வேண்டிய இடம் சக்கர ஆர்ச்சின் உச்சி. அங்கே ஆர்ச் விளிம்புக்கும் பானட் விளிம்புக்கும் நடுவில் தகட்டின் உயரம் மிகக் குறைவு, பெரும்பாலான கார்களில் ஒரு சாணுக்கு மேல் போகாது. வெல்டிங் குறைந்தால் சூடும் குறையும். அந்த இடத்தில் தகடு இரண்டு திசையிலும் வளைந்திருப்பதால் சூட்டுக்கு எளிதில் நெளியாது. கதவுக்கு அருகே உள்ள தட்டையான பகுதியில் இதே வெல்டிங்கைப் போட்டால் தகடு டப்பா மூடி போல உள்ளும் வெளியும் துள்ளும்.

பழைய மட்கார்டை காரில் இறுக்கமாக மாட்டி, ஆர்ச் உச்சிக்கு 30 மி.மீ. முன்னால் வெட்டுங்கள். டோனர் மட்கார்டை அதே கோட்டுக்கு 30 மி.மீ. பின்னால் வரும்படி வெட்டி, லைட், பானட், பம்பர் மூன்றோடும் சேர்த்து முன்பக்கத்தில் நிறுத்தவும். இப்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பரப்பு ஒத்துவரும் வரை முன்பாதியை நகர்த்தி, கவ்வியால் பிடித்து, இரண்டு தகட்டையும் ஒரே வெட்டாக மெல்லிய 1 மி.மீ. டிஸ்க்கால் அறுக்கலாம். விளிம்புகள் தாமாகவே ஒத்துப்போகும். டிஸ்க்கின் அகலமே வெல்டிங்குக்கு வேண்டிய இடைவெளி.

பாடித் தகடு பொதுவாக 0.7 முதல் 0.9 மி.மீ. இருக்கும். மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. இரண்டு பக்கமும் 25 மி.மீ. அகலத்துக்குப் பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் எடுத்துவிடுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சல் வரவழைக்கும், காற்றோட்டமும் முகமூடியும் வேண்டும். சுத்தம் செய்ய குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. அது வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

ஒரு முனையில் ஒரு புள்ளி, மறுமுனையில் ஒரு புள்ளி, நடுவில் ஒன்று. பிறகு 25 மி.மீ.க்கு ஒன்றாக, ஒவ்வொரு முறையும் தூரமான இடத்துக்குத் தாவி வைக்க வேண்டும். கை வைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகே அடுத்த புள்ளி. தண்ணீர் ஊற்றியோ ஈரத்துணி போட்டோ அவசரமாகக் குளிர்விக்க வேண்டாம். வெல்டிங் ஆறும்போது சுருங்கி, கோட்டை ஒட்டிய தகட்டைப் பள்ளமாக இழுக்கும். புள்ளியின் தலையைக் கொஞ்சம் தேய்த்துத் தாழ்த்தி, அடியில் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்து மேலே சுத்தியலால் தட்டினால் சுருங்கியது விரிந்து பழைய வளைவு திரும்பும். புள்ளிகளின் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இதைச் செய்தால் கடைசியில் ஒரு மி.மீ. பட்டிகூடத் தேவைப்படாது. எப்படியானாலும் பட்டி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

பானட்டை இப்படிப் பாதியாக வெட்டிச் சேர்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருக்கும் சட்டம்தான் பானட்டுக்கு வலு, மோதலில் அது எங்கே மடிய வேண்டும் என்பதையும் அந்தச் சட்டமே தீர்மானிக்கிறது. பானட்டை வெட்டாமல் விட்டு, கீல் போல்ட் ஆகும் இடத்தை மாற்றுங்கள்.

சக்கரம், லைட், காற்று

அகலமான மாடலின் மட்கார்டு போட்டால் சக்கரம் உள்ளே அமுங்கித் தெரியும். பக்கத்துக்கு 20 மி.மீ. கூடியிருந்தால், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது போல்ட் ஆகும் முகத்துக்கும் உள்ள தூரம்) 40 உள்ள அதே அகல வீலுக்குப் பதில் 20 உள்ள வீல் போட வேண்டும். ஆனால் வெளியே தள்ளத் தள்ள பேரிங்கின் சுமையும் ஸ்டீயரிங்கின் இழுப்பும் கூடும். முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கால் சஸ்பென்ஷனை முழுவதும் மேலே ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. டயருக்கும் ஆர்ச் விளிம்புக்கும் அந்த நிலையில் 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும்.

லைட்டில் பல்பு வகை மாறும். எச்4 பல்பில் லோ, ஹை இரண்டும் ஒரே பல்பில், மூன்று முனையோடு வரும். எச்7 பல்பில் ஒரே இழைதான், ஆகவே லோவுக்கும் ஹைக்கும் தனித்தனி பல்பு. எச்4 வயரிங்கில் இரண்டு பல்பு லைட்டை மாட்டினால், ஹை போடும்போது லோ அணைந்துவிடும். லோவும் சேர்ந்து எரிய வேண்டுமானால் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் கொண்டுவாருங்கள், பழைய சுவிட்சில் இரட்டைச் சுமை ஏற்ற வேண்டாம். இடது பக்கம் ஓட்டும் நாட்டுக் காரின் லைட்டை வலது பக்கம் ஓட்டும் நாட்டில் போட்டால் ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழும். திருகைத் திருப்பி அதைத் திருத்த முடியாது, லைட்டையே மாற்ற வேண்டும்.

புது பம்பரின் காற்று வாய் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் எஞ்சின் சூடேறும். வாயைப் பெரிதாக்குவதற்கு முன், பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்துகளை நுரைப் பட்டையாலும் பிளாஸ்டிக் தகட்டாலும் அடைத்துப் பாருங்கள். காற்று எப்போதும் எளிய வழியில் ரேடியேட்டரைச் சுற்றிப் போகப் பார்க்கும்.

குவார்ட்டர் பேனலும் ஃபைபரும்

குவார்ட்டர் பேனல் வெல்டிங் செய்யப்பட்டது என்பதால் தவறுக்கு இடம் குறைவு. வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் குறுக்காக 25 மி.மீ. குழாயை போல்ட் போட்டு நிறுத்துங்கள், மேல்கூரை இல்லாத காரில் இது கட்டாயம். தொழிற்சாலைப் புள்ளி வெல்டிங்கை 8 மி.மீ. கட்டரால் வெளித் தகடு மட்டும் அறும்படி எடுக்க வேண்டும். புதுப் பேனலின் விளிம்பில் 8 மி.மீ. துளை போட்டு, உள் தகட்டோடு வெல்டிங்கால் நிரப்பவும், எண்ணிக்கை தொழிற்சாலையில் இருந்ததற்குக் குறையாமல். இரண்டு தகடும் தொடும் பரப்பில் வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர் பூசாவிட்டால் துரு உள்ளிருந்து வரும். எல்லாம் முடிந்ததும் சீம் சீலரும், உட்குழிகளில் மெழுகும்.

ஃபைபர் பானட்டுக்குப் பழைய கீல் ஸ்பிரிங் ஆகாது. இரும்பின் எடைக்கு வைத்த ஸ்பிரிங் ஃபைபரை மூடும்போது நடுவில் வளைக்கும், கொஞ்ச நாளில் ஃபைபரின் மேல் பூச்சான ஜெல்கோட் விரிசல் விடும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தாங்கு கம்பி வைக்கவும், முன்னால் பானட்டைக் கீழே பிடிக்கும் பின் (பூட்டுக் கம்பி) இரண்டு போடவும். புதிதாக வந்த ஃபைபரைப் பொருத்திய நிலையில் சில வாரம் வெயிலில் விட்டுப் பிறகு பெயிண்ட் அடித்தால், அது சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்திருக்கும்.

பெயிண்டுக்கு முன்னும் பின்னும்

பிரைமரும் பெயிண்டும் ஏறும்போது இரண்டு விளிம்பிலும் சேர்ந்து இடைவெளி குறையும். விளிம்பில் பட்டி இருந்தால் அரை மி.மீ. வரை போய்விடும். வெறும் தகட்டில் பொருத்தும்போதே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். வெறும் தகட்டின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி, பிறகு ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பிரைமர். நீண்ட கட்டையில் 180, 320, 500 என்று உப்புத்தாள். மட்கார்டையும் கதவையும் காரிலேயே மாட்டி வைத்து, கட்டை இரண்டின் மேலும் ஒன்றாக ஓடும்படி தேய்த்தால்தான் மடிப்புக் கோடு தடையில்லாமல் ஓடும். 2கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. கரி முகமூடியை நம்பாமல், வெளிக்காற்று வரும் முகமூடி போட்டு அடிக்க வேண்டும். கழற்றி உள் விளிம்புகளை முதலில் அடித்துவிட்டு, பிறகு மாட்டி வெளிப்பரப்பை அடித்தால் எல்லாப் பேனலிலும் மெட்டாலிக் நிறம் ஒரே சாய்வில் விழும்.

சாலைக்கு வருவதற்கு முன், தோற்றத்தை மாற்றியதை உங்கள் பகுதியின் வாகனப் பதிவு விதி ஏற்கிறதா என்று பார்த்து, இன்சூரன்ஸிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயை கௌலிலும் கதவு விளிம்பிலும் பத்து நிமிடம் பிடித்து, உள்ளே கால்வைக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். 500 கி.மீ. ஓடிய பிறகு பெரிதாக்கிய துளைகளின் போல்ட்டுகள், கீல்கள், பானட் லாக், பம்பர் பீம் நான்கையும் திரும்ப இறுக்கி, லைட்டின் உயரத்தைச் சுவரில் ஒருமுறை சரி பார்க்கவும்.